ரிக்கார்டு ரூமுக்குக் கீழே

ஜூன் 14, வெள்ளி

பதினேழு நாளுக்குப் பிறகு இன்று சைட்டுக்குப் போனேன். அப்பாவின் காரியம் முந்தாநாள்தான் முடிந்தது. ஒரு மாதமாவது வீட்டில் இரு என்று அண்ணன் புனேக்கு ரயில் ஏறும்போது சொல்லிவிட்டுப் போனான். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பதில், பாரிமுனையில் போய்ச் சுவரைப் பார்க்கலாம். எனக்கு அதுதானே தொழில்.

புது நோட்டு என்பதால் ஆரம்பத்திலிருந்தே எழுதிவைக்கிறேன். கட்டடத்துக்கு நூறு வயது. தரைத்தளம், மேலே இரண்டு மாடி. தேக்கு உத்தரம், சுண்ணாம்புச் சுவர். ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் ஆபீஸாக இருந்து, அவர்கள் காலி செய்தபின் கோமதிநாயகம் சார் வாங்கினார். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள் என்று எல்லோரும் அவர் காதில் ஓதினார்கள். இது நிற்கும், இடிக்க வேண்டாம், உள்ளே பதினான்கு ஃபிளாட் போடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான் ஒருத்திதான். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் வேலை நடக்கிறது. ஒன்பது ஃபிளாட்டுக்கு ஆளும் வந்துவிட்டது.

ஏகாம்பரம் மேஸ்திரி முதல் மாடியைப் பெருமையாகக் காட்டினார். நான் இடிக்கச் சொன்ன தடுப்புச் சுவர் சுத்தமாகப் போயிருந்தது. ஹாலில் நல்ல காற்று. அண்ணாந்து பார்த்தேன். பக்கத்தில் நிற்கும் இன்னொரு தடுப்புச் சுவரின் தலைக்கும் அதன்மேல் போகும் உத்தரத்துக்கும் நடுவே ஒரு கோடு ஓடியது. பழைய வெடிப்பு, தூசி தட்டியதால் தெரிகிறது என்றார் மேஸ்திரி. ஏணி போட்டு ஏறி டார்ச் அடித்துப் பார்த்தேன். பழைய வெடிப்பாக இருந்தால் உள்ளே அழுக்கு இருக்கும். இது உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது.

ஹாலுக்கு நேர் மேலே, இரண்டாம் மாடி ரிக்கார்டு ரூம் இப்போது திறந்து கிடக்கிறது. போன வருஷம் நான் பார்க்க வந்தபோது பூட்டியிருந்தது. பெரிய அறை, நல்ல வெளிச்சம். இரண்டு ஃபிளாட் வரும்.

ஜூன் 15, சனி

கோட்டின் குறுக்கே மூன்று இடத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒட்டினேன். ஒவ்வொன்றிலும் இன்றைய தேதி. வெடிப்பு நகர்ந்தால் கண்ணாடி உடையும். எத்தனை மெஷின் வந்தாலும் இதுபோல உண்மை சொல்கிற சாமான் வேறு கிடையாது.

ஜூன் 17, திங்கள்

அப்பாவின் கட்டிலையும் தண்ணீர் மெத்தையையும் வாடகைக் கடைக்காரர் வந்து எடுத்துப்போனார். அந்த அறையைக் கழுவிவிட்டேன். மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன், சாப்பிட்டேன்.

ஜூன் 19, புதன்

இரண்டு கண்ணாடி உடைந்திருக்கிறது.

சுவர் இறங்குகிறது என்றுதான் தோன்றுகிறது. இரண்டு தடுப்புச் சுவரும் ஒன்றுக்கொன்று துணையாக நின்றிருக்கலாம். ஒன்றை எடுத்ததும் மற்றது தளர்ந்துவிட்டது. சுவர் இறங்கினால் உத்தரம் பின்னாலேயே வரும். அதன்மேல் ஒரு மாடியும் கூரையும் இருக்கின்றன.

சாரிடம் சொன்னேன். யார் இடிக்கச் சொன்னது என்று கேட்டார். நான்தான் என்றேன். பார்த்துவிட்டுத்தானே சொன்னீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நானாகவும் எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 22, சனி

உத்தரத்துக்குக் கீழே ஆறு இரும்பு ஜாக்கி நிறுத்தினோம், திருகினால் உயரும் குழாய்க் கால்கள். ஏகாம்பரம் தன் கையாலேயே ஒவ்வொன்றையும் திருகி இறுக்கினார். ஆறும் உத்தரத்தின் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. இனி சுவர் என்ன செய்தாலும் உத்தரம் இறங்காது. புதுக் கண்ணாடியும் ஒட்டியாயிற்று.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து முழுதாகச் சாப்பிட்டேன். அப்பா படுத்த படுக்கையாக இருந்த எட்டு வருஷமும் மத்தியானச் சாப்பாடு எனக்கு ஒரு கையில் போன், ஒரு கையில் ஸ்பூன். அவரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வைத்திருந்த அம்மா பன்னிரண்டரைக்குக் கூப்பிடுவார், அய்யா தட்டைத் தள்ளிவிட்டார் என்று. இன்று யாரும் கூப்பிடவில்லை. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

கண்ணாடி ஒன்று உடைந்தது. ஜாக்கி அப்படியே நிற்கிறது.

ஜூன் 28, வெள்ளி

காலையில் போனதும் ஹாலில் சத்தம். ஆறு ஜாக்கியில் நான்கு தளர்ந்திருந்தன. கையால் தொட்டாலே ஆடுகின்றன. ஏகாம்பரத்துக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"நான் திருகி வெச்சேன் மேடம். தட்டிப் பாத்தேன், கிண்ணுனு இருந்துச்சு. இப்பப் பாருங்க, காத்தடிச்சா உழுந்துடும். பாய் ஆளுங்கதான் லூஸ் பண்ணிட்டுப் போயிருக்காங்கோ."

பாய் என்றது தச்சு வேலை பார்க்கும் ஜப்பார் பாயை. நிலைக்கதவுகளை அந்த ஹால் வழியாகத்தான் மாடிக்குக் கொண்டுபோகிறார். ஜாக்கி வழியை மறிக்கிறது என்று முந்தாநாள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அது போதாதா? பாய் வந்து நின்று, நான் தொடவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நாற்பது வருஷம் மரத்தோடு பழகியவர், வம்பு வளர்க்கிற ஆள் இல்லை. எல்லாவற்றையும் மறுபடி இறுக்கினோம்.

ஜூலை 3, புதன்

மறுபடி தளர்ந்திருக்கிறது. இந்தத் தடவை ஆறும். ஏகாம்பரமும் பாயும் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் ஆள் மாடிப்படியில் ஏறினால் மற்றவர் ஆள் இறங்கமாட்டேன் என்று நிற்கிறது. இரண்டு வேலையும் நின்றுபோயிற்று. இரண்டாம் மாடியில் கதவுகள் வேறு, நிலைச்சட்டத்தில் இடித்துக்கொண்டு மூட மறுக்கின்றன. பாய் அதை என்னிடம்தான் சொன்னார். மேஸ்திரியிடம் சொன்னால் மரவேலை சரியில்லை என்பார் என்று பயம்.

ஜூலை 5, வெள்ளி

எண்ணெய்க் குளியல். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக லீவு போட்டேன். ஒரு காரணமும் இல்லை.

ஜூலை 10, புதன்

கோமதிநாயகம் சார் வந்தார். உடைந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்தால் திட்டமாட்டார், ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"ஏம்மா, நிக்குமா நிக்காதா, அத மட்டும் சொல்லுங்க. நாளைக்கு இதுல குடும்பம் குடும்பமா ஆளு இருக்கப் போகுது. அடுத்த வாரம் ஆடி பொறக்கு. ஆடியில எவனும் வீடு பாக்க வரமாட்டான். அந்த ஒரு மாசம் உங்களுக்கு. ஆவணி பொறக்கும்போது உறுதியா நிக்கும்னு நீங்க சொல்லலைன்னா இடிச்சிருவேன்."

நியாயமான பேச்சு. நான் சரி என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து அழைப்புப் பட்டியலைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். மே 28, காலை 11.40. ஏகாம்பரம் மேஸ்திரி. ஆறு நிமிடம் பத்து நொடி. எதற்குப் பார்த்தேன் என்று தெரியவில்லை. எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான்.

ஜூலை 14, ஞாயிறு

மத்தியானம் இரண்டு மணிக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தேன். கனவுகூட இல்லை. அப்பா இருந்தபோது டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருப்பார். அது இல்லாததால்தான் இப்படித் தூக்கம் வருகிறது.

எதிர்வீட்டுப் பவானி அக்கா பொங்கல் கொண்டுவந்து கொடுத்தார். பாவம், இளைச்சுப்போயிட்டே என்றார். இந்த ஒன்றரை மாதத்தில் மூன்று கிலோ கூடியிருக்கிறேன். ஆமாம் அக்கா என்றேன்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. மூன்றாவது தடவையாக ஜாக்கி தளர்ந்திருக்கிறது.

நான் இங்கேயாவது எழுதிவைக்க வேண்டும். மே 28 காலை பதினொன்றரைக்கு டாக்டர் வெளியே வந்து அப்பா போய்விட்டார் என்றார். பத்து நிமிடம் கழித்து ஏகாம்பரம் கூப்பிட்டார். அவருக்கு எதுவும் தெரியாது. முதல் மாடித் தடுப்புச் சுவரை எடுத்துவிடட்டுமா என்றார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி, வரைபடம்கூடக் கையில் இல்லாமல், எடுத்துவிடுங்கள் என்றேன். அதோடு வைத்திருக்கலாம். ஆறு நிமிடம் பேசினேன். எந்தப் பக்கத்திலிருந்து உடைப்பது, செங்கல்லை எங்கே அடுக்குவது, எல்லாம். அண்ணன் அந்தக் கோடியில் நின்று என்னைப் பார்த்தான்.

அந்தச் சுவரும் இந்தக் கட்டடமும் என்ன ஆனாலும் அதற்குக் காரணம் அந்த ஆறு நிமிடம்தான்.

ஜூலை 18, வியாழன்

இந்த ஜாக்கி விஷயத்தை முடிக்க வேண்டும். பூக்கடைப் பக்கம் ஒரு ஃபேன்சி கடையில் சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கினேன். ஆறு ஜாக்கியையும் இறுக்கச் சொல்லி, திருகின்மேலும் குழாயின்மேலும் சேர்த்து ஒரே கோடாக நெயில் பாலிஷ் தடவினேன். யாராவது ஒரு நூல் திருகினாலும் கோடு இரண்டாகப் பிரிந்துவிடும். ஏகாம்பரம், பாய் இரண்டு பேரையும் நிற்கவைத்துத்தான் செய்தேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தலையாட்டினார்கள். ஹாலைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மீதி இருந்ததை வீணாக்க மனசில்லாமல் என் நகத்தில் போட்டுக்கொண்டேன். நன்றாக இல்லை. அழிக்கவில்லை.

ஜூலை 20, சனி

ஒன்பது மணிக்கு நானே பூட்டைத் திறந்தேன். நடு ஜாக்கி நான்கும் தளர்ந்திருந்தன. குனிந்து கோட்டைப் பார்த்தேன். ஆறிலும் சிவப்புக் கோடு மயிரிழை பிசகாமல் நேராக இருந்தது.

யாரும் திருகவில்லை.

ஏகாம்பரம் என் பின்னால் நின்று, பேய் பிசாசு ஏதாவது இருக்குமா மேடம் என்றார். நான் சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். உத்தரம் இறங்கினால் ஜாக்கி நசுங்கும், இன்னும் இறுகும், அசைக்கவே முடியாது. தளர வேண்டுமென்றால் ஒரே வழிதான். உத்தரம் மேலே போக வேண்டும். ஒரு மாதமாக அது ஏறிக்கொண்டிருக்கிறது. கோடு விழுந்தது சுவர் இறங்கியதால் இல்லை, உத்தரம் சுவரை விட்டு எழுந்ததால். இருபத்தைந்து வருஷ அனுபவம், ஆறு ஜாக்கி, அத்தனை கண்ணாடி. ஒரு தடவைகூட மேலே என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் தொழிலில் எல்லோரும் எது விழும் என்று பார்க்கத்தான் பழகியிருக்கிறோம். எது எழும் என்று யாரும் பார்ப்பதில்லை.

ஏன் எழுகிறது? மாடிக்கு ஓடினேன். ரிக்கார்டு ரூம் காலியாக, வெயில் அடித்துக்கொண்டு கிடந்தது. வாட்ச்மேன் சாமிக்கண்ணுவைக் கூப்பிட்டேன். இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் பியூனாக இருந்தவர் அவர். இங்கே என்ன இருந்தது என்று கேட்டேன்.

"ஃபைலுங்கதான் மேடம். தரையிலேந்து மேல முட்டுற வரைக்கும். உள்ள போறவன் ஒருக்களிச்சுத்தான் போவணும். நீங்க காரியத்துக்குப் போயிருந்தீங்கள்ல, அப்பத்தான் கம்பெனிக்காரங்க திரும்பி வந்து, பூட்டி வெச்சிருந்ததையெல்லாம் பதினோரு லாரியில ஏத்துனாங்க."

யாரும் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். வெறும் பழைய பேப்பர்தானே மேடம் என்றார்.

பதினோரு லாரி. எழுபது எண்பது வருஷம் அத்தனை பாரத்தையும் இந்தத் தேக்கு உத்தரங்கள் வளைந்து சுமந்திருக்கின்றன. பாரம் போனதும் மரம் கொஞ்சம் உடனே நிமிரும். மீதி, வாரக்கணக்கில், மெதுவாக நிமிரும். கதவுகள் இடிப்பதும் அதனால்தான். என் போன வருஷத்து ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். என் எழுத்தில் இருக்கிறது: இரண்டாம் மாடி மேற்கு அறை பூட்டியிருந்தது, காலி எனக் கொள்ளப்பட்டது. சாவி கேட்டு வாங்கிப் பார்க்காமல் எழுதிய ஒரு வரி.

ஜூலை 21, ஞாயிறு

நாள் முழுக்கக் கணக்கு. பாரம், நீளம், உத்தரத்தின் தடிமன். இதுவரை எழுந்தது சரியாக வருகிறது. இன்னும் இரண்டு மில்லிமீட்டர், மிஞ்சினால் மூன்று. அதற்குமேல் போகாது. இடித்த சுவரின் வரைபடத்தையும் எடுத்துப் பார்த்தேன். நாலரை அங்குலத் தடுப்பு. எதையும் தாங்கவில்லை. வராந்தாவில் நின்று சொன்ன பதில் சரியான பதில்தான்.

சாப்பிட மறந்துவிட்டேன். நாலு மணிக்குத்தான் ஞாபகம் வந்தது.

ஜூலை 22, திங்கள்

சாரின் ஆபீஸுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டிய அறையை, ஜாக்கியை, நெயில் பாலிஷை. கடைசியில் அந்தப் போனையும். சுவரால் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டது, சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அது எனக்குள் கிடந்து உறுத்தியது.

அவர் என் கணக்குத் தாளை வாங்கிப் புரட்டினார். பிறகு, அப்ப கட்டடம் விழல, எந்திரிக்கிதுன்னு சொல்லுதீய என்றார். ஆமாம் என்றேன். எதுவரைக்கும் எந்திரிக்கும் என்றார். இரண்டு மூன்று மில்லி என்றேன். அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு, எழுத்தில் கொடுங்கள், ஆடி முடிகிறவரை அளந்தும் காட்டுங்கள், பேச்சை நம்பி ஆளைக் குடிவைக்க மாட்டேன் என்றார். அதுவும் நியாயம்.

போனைப் பற்றிச் சொன்னதற்குக் காபி வரவழைத்தார்.

ஜூலை 23, செவ்வாய்

ஏகாம்பரம் பாயிடம் போய், தப்பா சொல்லிட்டேன் பாய் என்றார். பாய், விடுங்க மேஸ்திரி, மரத்த பத்தி உங்களுக்கு என்ன தெரியும் என்றார். அதற்கு ஏகாம்பரம் கோபித்துக்கொள்ளவில்லை. மாடியில் இடிக்கிற கதவுகளை எப்போது சீவுவது என்று பாய் கேட்டார். உத்தரம் நிற்கட்டும், பிறகு சீவலாம் என்றேன்.

ஜாக்கிகளை எடுத்துவிட்டோம். வாட்டர் டியூபில் தண்ணீர் நிரப்பி உத்தரத்தின் மட்டத்தைச் சுவரில் குறித்தோம். இனி திங்கள் வியாழன் அளக்க வேண்டும்.

ஜூலை 29, திங்கள்

ஒரு மில்லி. மறுபடி அளந்தேன், அதேதான்.

ஆகஸ்ட் 5, திங்கள்

அரை மில்லி. புதிதாக ஒட்டிய கண்ணாடி முழுதாக இருக்கிறது. மழை பெய்தது, கூரை ஒழுகவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

அசைவு இல்லை. மூன்று தடவை அளந்தேன். ஏகாம்பரம் நாலாவது தடவை அளந்தார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

அசைவு இல்லை. ரிப்போர்ட் கொடுத்துவிட்டேன். நிற்கும் என்று முதல் வரியிலேயே எழுதினேன். பூட்டிய அறையைப் பற்றிய என் தவறையும் எழுதினேன். சார் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாளை மறுநாள் ஆவணி, ஆட்களைக் கூட்டிவந்து காட்டுகிறேன் என்றார். படியிறங்கும்போது எனக்குக் காலில் செருப்பு இருப்பதே தெரியவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அண்ணன் வந்திருக்கிறான். அப்பாவின் பென்ஷன் பேப்பரில் ஏதோ பாக்கி. அவனும் நானும் இத்தனை நாளாகப் போனில் பேசியதெல்லாம் அந்தப் பேப்பர்களைப் பற்றித்தான். கட்டடத்தைப் பார்க்கணும் என்றான். கூட்டிப்போனேன்.

முதல் மாடி ஹாலில் நின்று உத்தரம் எழுந்த கதையைச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே, இந்தச் சுவரைத்தானே அன்றைக்குப் போனில் எடுக்கச் சொன்னாய் என்று கேட்டான். அவன் அந்த ஆறு நிமிடத்தையும் கேட்டிருக்கிறான்.

அப்பா போன பத்தாவது நிமிஷம், அண்ணா, என்றேன். எனக்கு அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை, நிம்மதியாகத்தான் இருக்கிறது, நன்றாகத் தூங்குகிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டரை மாதமாக யாரிடமும் சொல்லாததை இடித்த சுவருக்கு நடுவில் நின்று சொன்னேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எட்டு வருஷமா நான் போன் பண்ணும்போதெல்லாம் நீ குசுகுசுன்னுதான் பேசுவ, அப்பா முழிச்சுக்குவார்னு. அன்னிக்கு வராந்தால நீ செங்கல்ல எங்க அடுக்கணும்னு சத்தமா சொல்லிட்டிருந்த. உன் குரல் இப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு தமயந்தி. பேசி முடிக்கட்டும்னுதான் உன்னைக் கூப்பிடாம, ஆஸ்பத்திரி பேப்பர்ல எல்லாம் நானே கையெழுத்து போட்டேன்."

அந்தப் பேப்பர்களில் யார் கையெழுத்துப் போட்டது என்று நான் இதுவரை நினைத்தே பார்க்கவில்லை. நான் நின்று பேசிய ஆறு நிமிடமும் அவன் குற்றம் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நினைத்திருந்தேன். அவன் எனக்காக அந்த நேரத்தைக் காவல் காத்திருக்கிறான்.

அப்போதுதான் அழுகை வந்தது. அப்பா நடக்க முடிந்த காலத்தில் என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க வரிசையில் நின்றதெல்லாம் சேர்ந்து வந்தது. நன்றாகச் சத்தமாக அழுதேன். காலி ஹால், எதிரொலித்தது. அண்ணன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

பிறகு இரண்டு பேரும் மண்ணடியில் பிரியாணி சாப்பிட்டோம். அண்ணன் இரண்டு நாள் கூட இருந்துவிட்டுப் போகிறேன் என்றான். நாளைக்குக் கதவு சீவ வேண்டும், பாயை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.